ஹேக் செய்யாமலே போன ரூ.110 கோடி: பி.எம். கிசான் முறைகேட்டில் விழுப்புரம் சொல்லும் பாடம் என்ன?

2020, கொரோனா காலம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் பி.எம். கிசான் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென எகிறியது. விசாரித்துப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பல லட்சம் பேர் விவசாயிகளே இல்லை!

தகுதியில்லாதவர்களுக்கு ரூ.110 கோடிக்கு மேல் போயிருப்பதாக அந்த ஆண்டு செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், 18 பேர் கைது என நடவடிக்கை பாய்ந்தது. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், யாரும் சர்வரை உடைக்கவில்லை. வேளாண் துறை அதிகாரிகளின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும்தான் தவறாகப் பயன்படுத்தப்பட்டன.

டெல்லிக்கு எப்படித் தெரியாமல் போனது?

ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக ரூ.2,000. இந்தப் பணத்தை மத்திய அரசு நேரடியாக வங்கிக் கணக்கில் போடுகிறது. ஆனால் ஒருவர் விவசாயியா, அவருக்கு நிலம் இருக்கிறதா என்பதை டெல்லியில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதை மாநில அரசுதான் உறுதி செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு, திண்டிவனம் பக்கத்து கிராமத்தில் ஒருவர் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டார அலுவலகம் சரிபார்த்தால் விழுப்புரம் மாவட்ட அலுவலகம் நம்பும். மாவட்டத்தை மாநிலம் நம்பும், மாநிலத்தை டெல்லி நம்பும். இந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒரு லாகின் கைமாறினால், மேலே இருப்பவர்கள் யாருக்கும் சந்தேகமே வராது. ஏனென்றால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது கணக்குதான், அதை இயக்கும் ஆள் இல்லை.

நுழைவது வேறு, அனுமதி வேறு

நெட்வொர்க் நிர்வாகத்தில் இது பழைய பாடம். இரண்டு அலுவலக நெட்வொர்க்குகள் ஒன்றை ஒன்று நம்பினால், அங்கே உள்ள ஊழியரின் லாகினை இங்கேயும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதைத் திருத்தலாம், எதற்கு ஒப்புதல் தரலாம் என்பதைத் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

விவரத்தைப் பதிவு செய்யும் கையும் ஒப்புதல் தரும் கையும் ஒன்றாகிவிட்டால், சரிபார்ப்பு என்பது வெறும் பேச்சுதான். வேலைப்பளுவில் "பாஸ்வேர்டு இதுதான், நீயே போட்டுடு" என்று சொல்வது பல அலுவலகங்களில் சகஜம். ஆனால் அப்படிச் சொல்லும்போது கைமாறுவது பாஸ்வேர்டு மட்டுமல்ல, அதிகாரியின் கையெழுத்தும்தான்.

மாட்டியது யார்?

கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுத்த ஏழைகளும் இதில் உண்டு. இடைத்தரகர்கள் கமிஷன் பார்த்தார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வந்தது, கணக்கில் பெயர் இருந்தவர்களுக்கு.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இ-கேஒய்சி கட்டாயமாகியுள்ளது. நில ஆவண இணைப்பும் ஆதாருடன் வங்கிக் கணக்கு இணைப்பும் தேவை. 2025-ல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணியும் நடந்தது. ஒரே லாகினை நம்பாமல், வருவாய்த் துறை, ஆதார், வங்கி எனப் பல இடங்களில் சரிபார்ப்பது நல்லதுதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்த இணைப்புகளில் ஒன்று அறுந்தாலும் உண்மையான விவசாயிக்கே தவணை நின்றுவிடும்.

தவணை வரலையா? இப்படிப் பாருங்க

பி.எம். கிசான் தளத்தில் பயனாளி நிலையைத் திறந்தால், எது நிற்கிறது என்று தெரியும்.

• இ-கேஒய்சி இல்லை என்றால்: அதே தளத்தில் ஓடிபி மூலம் முடிக்கலாம். முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம்.

• நில இணைப்பு இல்லை என்றால்: பட்டா விவரத்துடன் வட்டார வேளாண் அலுவலகம் போக வேண்டும். பட்டாவே தாத்தா பெயரில் இருந்தால், முதலில் தாலுகா அலுவலகத்தில் பெயர் மாற்றம் தேவை.

• ஆதார் வங்கி இணைப்பு இல்லை என்றால்: வங்கிக் கிளையில் சரி செய்யலாம்.

உதவி எண்: 155261.

ஓடிபியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அதிகாரிக்கு பாஸ்வேர்டு எப்படியோ, உங்களுக்கு ஓடிபி அப்படி. கொடுத்துவிட்டால், அதை வைத்து யார் என்ன செய்தாலும் பதிவாவது உங்கள் பெயர்தான்.