விழிஞ்ஞம்: கணக்கின் மறுபக்கம்

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையிலேயே ஆழமான கடல்; பன்னாட்டுக் கப்பல் பாதைக்கு அருகிலுள்ள இடம். கொழும்பு, சிங்கப்பூர் வழியாகச் சென்றுவந்த நம் சரக்குப் பெட்டகங்களை இங்கேயே கப்பல் மாற்றலாம். நாட்டுக்கு நன்மையே.

ஆனால் துறைமுகப் பணியால் கரை அரிக்கப்படுகிறது என்று கூறி, 2022-இல் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினர். அரசு இதை மறுத்தது. எனினும், கடலுக்கு வீடுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வலியதுறை சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை எவரும் மறுக்க முடியாது.

துறைமுக நிறுவனத்திற்கு வழக்கமான 30 ஆண்டுகளுக்குப் பதில் 40 ஆண்டு உரிமம் கிடைத்ததை 2017-இல் தணிக்கைத் துறையே குறைகூறியது. முதலீட்டுக்கு 40 ஆண்டு உறுதி. மீனவருக்கு ஒரு வீடு தர மட்டும் ஏன் இத்தனை காலம்?