போலிக் கையெழுத்தும் ஒரு பிள்ளையின் ஏக்கமும்

இந்தத் தடவை நான் படித்தது ஓர் ஆங்கில மர்ம நாவல். சார்லி லவெட் எழுதி 2013-ல் வெளிவந்த 'தி புக்மேன்ஸ் டேல்'.

பீட்டர் பழைய, அபூர்வமான புஸ்தகங்களைத் தேடிப்பிடித்து விற்கிறவர். மனைவி அமாண்டாவைப் பறிகொடுத்து, யாரோடும் ஒட்டாமல் வாழ்கிறார். வேல்ஸில் ஹே-ஆன்-வை என்ற ஊரின் புஸ்தகக் கடையில் ஒரு பழைய நூலைப் பிரிக்கிறார். உள்ளே ஒரு சிறு சித்திரம். பார்த்தால் அச்சு அசல் அமாண்டா! சித்திரமோ நூறு வருஷத்துக்கும் முந்தியது. அது யார் என்று தேடப் போனவர், ஓரமெல்லாம் ஷேக்ஸ்பியரே குறிப்பு எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு புஸ்தகத்திடம் போய்ச் சேருகிறார். நிஜமா, போலியா? சொல்லமாட்டேன், ருசி போய்விடும்.

அந்தச் சித்திரம் இருந்த நூல், ஷேக்ஸ்பியர் பெயரில் நடந்த மோசடியைப் பற்றியது. அப்படியொரு மோசடி லண்டனில் நிஜமாகவே நடந்தது. அதுதான் என் மனசை என்னமோ செய்துவிட்டது.

சாமுவேல் அயர்லாந்து என்பவருக்கு ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். அவர் கையெழுத்து ஒன்று கிடைத்தால் தன் புஸ்தகங்களையெல்லாம் கொடுத்துவிடலாம் என்பாராம். மகன் வில்லியம் ஹென்றியோ அவர் கண்ணுக்கு வெறும் மக்கு. வக்கீல் ஆபீசில் வேலை பழகிய அந்தப் பையன், 1794 டிசம்பரில் ஒரு பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஷேக்ஸ்பியர் கையெழுத்து! அப்பா பூரித்துப் போனார். எல்லாம் பிள்ளையின் கைவேலை. பழைய காகிதத்தில் எழுதி, நெருப்பில் வாட்டிப் பழுப்பாக்கியது. அப்பாவின் ஆசை அடங்கவில்லை. கடிதம், கவிதை, கடைசியில் முழு நாடகமே எழுதிவிட்டான்! 1796 ஏப்ரல் 2-ந் தேதி அது மேடையேறியது, ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். எட்மண்ட் மலோன் என்ற அறிஞரும் மோசடியை அம்பலப்படுத்தினார்.

பிள்ளை உண்மையை ஒப்புக்கொண்டான். அப்பா நம்பவில்லை. 'இவனாவது, இப்படி எழுதுவதாவது!' என்ற நினைப்பு. 1800-ல் கண்ணை மூடும்வரை அவர் மனசு மாறவேயில்லை.

செய்தது தப்புதான். ஆனால் இருபது வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை நாடகமே எழுதியிருக்கிறானே, அதை அவன் பெயரில் எழுதியிருந்தால் அந்த வீட்டில் யார் படித்திருப்பார்கள்?

சகோதரிகளே, உங்கள் குழந்தை கோணல்மாணலாகக் கிறுக்கி, "அம்மா, யானை!" என்று ஓடிவந்தால், அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு அந்த யானையைப் பாருங்கள்.