எழுப்பிவிடும் நாற்காலி: வாங்குமுன் அளந்து பாருங்கள்

அருப்புக்கோட்டைத் தறிகளிலும் திருச்சுழிக் கரிசல் காடுகளிலும் உழைத்துத் தேய்ந்த முழங்கால்களுடன் முதியோர் பலர் எம்மிடம் வருகின்றனர். எழுப்பிவிடும் மின் நாற்காலி வாங்கலாமா எனப் பிள்ளைகள் கேட்கின்றனர்.

அவசரம் வேண்டாம் என்பதே எமது கருத்து. முதலில் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். அதைவிடச் சற்றே உயரமான, அமுங்காத இருக்கையும் உறுதியான கைப்பிடிகளும் உள்ள சாதாரண நாற்காலியில் கையூன்றி அவரே எழுந்தால், அதுவே போதும். எழும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசைக்குப் பயிற்சியாகும்.

அவ்வாறும் எழ இயலாதவருக்கே மின் நாற்காலி. பாதம் தரையில் படிகிறதா, பொத்தானை அவரே அழுத்த முடிகிறதா, மின்தடையிலும் இயங்குமா எனக் கடையிலேயே அமர்த்திப் பாருங்கள்.

நேற்றுவரை எழுந்தவர் இன்று திடீரென எழ இயலாவிடில், நாற்காலி தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.