கொலை நடந்த ஊரில் தேநீர் நேரம்

எனக்கு ரத்தம் தெறிக்கிற துப்பறியும் கதைகள் ஆகாது. ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்களே, அந்தச் சாதுவான ரகம்தான் பிடிக்கும். சின்ன ஊர், ஒரு பிணம், துப்பறிய வேறு வேலையில்லாத ஒரு பெண்மணி. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-இல் முதல் நாவலுக்கு வந்தபோதே கிழவிதான். கையில் பின்னல் ஊசி. எந்தக் கொலைகாரனைப் பார்த்தாலும் சொந்த ஊர்க்காரர் யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார், வழக்கு முடிந்தது. ஊர்வம்பைத் துப்பறியும் கலையாக்கிய புண்ணியவதி!

எம்.சி. பீட்டனின் அகதா ரெய்சின் இன்னும் வேடிக்கை. லண்டன் வேலையை விட்டுவிட்டு காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்துக்குக் குடிவருகிறார். ஊரில் நல்ல பெயர் வாங்க, உள்ளூர் கீஷ் போட்டியில் கலந்துகொள்கிறார். கீஷ் என்பது முட்டையும் பாலாடையும் சேர்த்துச் சுடும் பண்டம். அம்மணிக்குச் சமைக்க வராது. லண்டன் கடையில் வாங்கியதைத் தன் கைப்பக்குவம் என்று நீட்டுகிறார். அதைச் சாப்பிட்ட நடுவர் விஷமேறிச் செத்துப்போகிறார். தப்பிக்க வேண்டுமானால் கடையில் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலைப்பழியைவிட அந்தக் குட்டு உடைவதுதான் பெரிய மானக்கேடு. 1992-இல் வந்த இந்த நாவலை நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

ஒரே ஒரு நெருடல். ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடர் 264 அத்தியாயங்கள் ஓடியது. நாயகி ஜெசிகா பிளெட்சர் போகிற இடமெல்லாம் பிணம். அவர் சாப்பிடக் கூப்பிட்டால் நான் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன்.