கன்றோடு வரும் கேடு

திருவையாற்றுப் படுகையிலே வாழை போடும் குத்தகை விவசாயி கன்று வாங்கும்போது என்ன பார்க்கிறார்? கட்டை கெட்டியாக இருக்கிறதா, குருத்து பசுமையாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பாவம், கண்ணுக்குத் தெரியாத பகைவன் உள்ளே குடியிருப்பதை அவர் எப்படி அறிவார்? நட்டபின் இலைகள் குறுகி, உச்சியிலே கொத்தாகக் குவிகின்றன. குலை தள்ளுவதில்லை. இதுதான் முடிக்கொத்து நோய். இதற்கு மருந்து கிடையாது; மரத்தைக் கட்டையோடு தோண்டி அழிக்கவேண்டியதுதான்!

இந்த நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்தது. பிறகு பழனி மலையேறி, பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழையைச் சூறையாடிற்று. மரத்துக்கு மரம் பரப்புவது அசுவினிப் பூச்சி. நாடுவிட்டு நாடு கொண்டுபோவதோ மனிதன் சுமக்கும் கன்று!

ஆஸ்திரேலியாவுக்கு இதே நோய் 1913-ல் பீஜித் தீவிலிருந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்கள் பாழாயின. அந்நாட்டு சர்க்கார் கன்றுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. ஆய்வாளர்கள் தோட்டந்தோறும் சென்று நோய் கண்ட மரங்களை அழிக்கச் செய்தனர். வாழைத் தொழில் பிழைத்தது.

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? 1914-லேயே சட்டம் வந்தது. 2003-ஆம் ஆண்டு ஆணைப்படி, வெளிநாட்டுக் கன்றுக்கு அனுமதி வேண்டும், நோயில்லை என்ற சான்று வேண்டும், வந்தபின்னும் தனியே வளர்த்துக் கண்காணிக்க வேண்டும். திருச்சியிலே 1993 முதல் வாழை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

இவை ஏட்டோடு நின்றால் என்ன ஆகும்? பனாமா வாடல் நோயின் கொடிய புதிய வகை 2015-ல் பீகாரிலே காணப்பட்டது. கன்றோடும், அதில் ஒட்டிய மண்ணோடும் அது பயணம் செய்யும். வந்துவிட்டால் பல ஆண்டுகள் மண்ணைவிட்டுப் போகாது. பாயும் நீரோடும் பரவும். வாய்க்காலால் வயலுக்கு வயல் பிணைந்த டெல்டாவிலே, ஒருவர் கொல்லையில் இறங்கிய கேடு ஊர்க் கேடு!

சோதனை என்றால் வியாபாரம் தாமதமாகும் என்பார் சிலர். தாமதம் வியாபாரிக்குச் சில நாள். நோய் வந்தால் குத்தகைக்காரருக்கு ஆண்டு முழுதும் கடன், தார் வெட்டும் தொழிலாளிக்குக் கூலியில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. துறைமுகத்திலும் நாற்றுப் பண்ணையிலும் சோதனை நடக்கட்டும். நோய் கண்ட வாழையை வெட்டச் சொல்லும் சர்க்கார் நட்டஈடும் தரட்டும். தராவிட்டால் ஏழை நோயை மறைப்பான், நோய் பெருகும்.

தோழர்களே! சான்றில்லாத கன்று ஊருக்குள் இறங்கினால், "எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். இன்று கேட்க வெட்கப்பட்டால், நாளை ஊரே தோப்பை வெட்டவேண்டி வரும்!