ஏரிப் படகும் வீட்டுப் பட்டறையும்

ஏரியில் வலை வீசி ஜீவனம் நடத்துகிறவனுக்கு எத்தகைய படகு உகந்தது என்பதைக் கரையில் நின்று கையெழுத்திடுகிற உத்தியோகஸ்தரோ, அவருக்குப் படகு விற்கிற கம்பெனியோ தீர்மானிப்பதைக் காட்டிலும், அந்தப் படகின் குறுக்குப் பலகையில் குந்தி விடியற்காலை இருட்டில் ஈர வலையை இழுத்துப் போடுகிறவனே தீர்மானிப்பதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே, மூன்று குன்றுகளுக்கு நடுவே கிடக்கிற செஞ்சியிலிருந்து படகைப் பற்றி ஒருவன் எழுதுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அக்குன்றுகளில் ஒன்றான ராஜகிரியை அண்ணாந்து பார்த்தே பழகிப்போன கண்களுக்கு, அதன் அடிவாரத்தில் கிடக்கும் செட்டிக்குளமும் சக்கரக்குளமும், ஊரைச் சுற்றிலும் கரைகட்டி நிற்கும் ஏரிகளும், சங்கராபரணியின் குறுக்கே 1959-இல் எழுந்த வீடூர் அணையின் நீர்ப்பரப்பும் எளிதில் தட்டுப்படுவதில்லை.

ஐப்பசி கார்த்திகையில் நிரம்பிச் சித்திரை வைகாசியில் சேறாகிவிடுகிற இந்த ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுப்பவர்கள் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். கூப்பிடாமலே வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகிக்கொள்கிறது. ஆனால் குத்தகைக்காரர் குஞ்சுக்கும் வலைக்கும் செலவிடுகிற பணத்தில் ஒரு சிறு பங்குகூட, வலை இழுக்க உள்ளே போகிற ஆளைத் தாங்குகிற சாதனத்துக்குச் செலவாவதில்லை. காற்றடைத்த லாரி டியூபின்மேல் ஒரு பலகையைக் கட்டி, அதன்மீது கவிழ்ந்து படுத்துக் கைகளையே துடுப்பாக்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் கட்டுகளைச் சாக்கில் போட்டுத் தைத்து மிதப்பவர்களும் உண்டு. பரிசல் இருக்கிறதே என்றால், ஒகேனக்கல் பாறைச் சுழிகளில் அதற்கு நிகரான ஓடம் கிடையாதுதான். ஆயினும் எதிர்காற்று அடிக்கும் அகன்ற ஏரியில் அது நின்ற இடத்திலேயே சுற்றுமேயன்றி, நூறு கஜ வலையை நேர்கோட்டில் விட்டுச் செல்ல உதவாது.

இந்த இடத்துக்குத்தான் தட்டை அடி கொண்ட சிறிய அலுமினியப் படகு பொருந்துகிறது. அலுமினியம் நமக்கு அந்நியமான உலோகம் அல்ல. சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த காலம் முதல் நம் அடுப்படிகளில் அது குடியேறிவிட்டது. 1965-இல் மேட்டூரில் அதை உருக்கி எடுக்கும் ஆலையே வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிவடைந்த தறுவாயில், போர் விமானங்கள் செய்துவந்த அமெரிக்கக் கிரம்மன் கம்பெனி அதே விமானத் தகட்டில் ஏரி ஓடங்களைச் செய்யத் தொடங்கியதிலிருந்து, அந்நாட்டில் எளிய மனிதர்கள் அலுமினியப் படகொன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் ஏரிக்காரனுக்கு அது வயிற்றுப்பாடு என்பதால், இந்த வித்தையை அவன் அவர்களைவிடச் சிரத்தையாகக் கற்கவேண்டியிருக்கிறது.

கற்கவேண்டியது மலைப்பூட்டும் அளவுக்கு இல்லை. ஆனால் கற்காமல் விட்டால் ஆபத்து. இரும்பு கேட்டும் ஜன்னல் கிராதியும் செய்து பழகிய நம் வெல்டிங் பட்டறைகளில் சாதாரணக் குச்சி வெல்டிங்கைக் கொண்டு அலுமினியத்தைத் தொட்டால், ஒட்டுவதற்குப் பதில் ஓட்டை விழும். காரணம் எளிது: அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினாலொழிய இளகாது. மேல் தோல் உருகுமுன் உள் சதை ஒழுகிப்போகிறது. ஆகவே ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் போகவேண்டும், அல்லது ரிவிட் அடிக்கவேண்டும். அந்த ரிவிட்டும் அலுமினியமாகவே இருப்பது உத்தமம். இரும்பு ஆணியோ செம்புத் திருகோ அலுமினியத் தகட்டோடு ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்சாரம் கசிந்து, தகடு வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு உப்பில் ஊறவைத்த பலகையை இருக்கையாகப் போடுவதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நல்லவேளையாக, ஏரி நீர் கடல் நீரைப்போல் உலோகத்தைத் தின்பதில்லை. தவறு செய்தவனுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது.

பழைய படகில் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு யுக்தி உண்டு. படகைத் தண்ணீரில் இறக்காமல், தண்ணீரைப் படகில் இறக்கவேண்டும். இரண்டு மேடைகளின்மேல் படகைத் தூக்கி வைத்து, கணுக்கால் அளவுக்குக் குடம் குடமாக ஊற்றிவிட்டு, ஒருவர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டால், எந்த ரிவிட்டைச் சுற்றி நீர் முத்துப்போல் கோத்து நிற்கிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வரலாம். பிறகு நீரை வடித்துவிட்டு, வெளியே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை அந்த ரிவிட்டின் தலைமேல் அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் சிறு சுத்தியலால் அதன் வாலைப் பொறுமையாகத் தட்டி இறுக்கவேண்டும். ஓங்கி அடித்தால் பக்கத்து ரிவிட் தளரும். பாத்திரத்துக்கு ஒட்டு வைத்த பழைய கைகள் இந்த வேலையில் எத்தனையோ பொறியியல் பட்டதாரிகளைவிட நிதானமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது மிதப்பு. மரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். அலுமினியம் நிரம்பினால் மூழ்கும். 60 கிலோ எடையுள்ள அலுமினியப் படகு முற்றிலும் நீருள் அமிழ்ந்தால் அது விலக்கும் நீர் ஏறத்தாழ 22 கிலோதான். மீதி 38 கிலோவைத் தாங்க 38 லிட்டர் அடைபட்ட காற்று வேண்டும். படகைப் பற்றிக்கொண்டு தத்தளிக்கும் இரண்டு ஆட்களையும், மற்றச் சாமான்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 லிட்டராவது இருக்கவேண்டும். அதாவது, நன்றாக மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன்கள் ஐந்து, இருக்கைகளுக்கு அடியில் அசையாமல் கட்டப்பட்டிருந்தால் போதும். ஓர் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆகிற செலவு, படகின் முகப்பில் சாமி படமும் தலைவர் படமும் எழுதுவதற்கு ஆகிற செலவைவிடக் குறைவு. மோட்டார் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, ஏரிக்கு வேண்டாம் என்பதே என் பதில். துடுப்பு போதுமான நீர்ப்பரப்பில் மோட்டார் என்பது பின்பக்கம் பாரத்தைக் கூட்டி முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிற ஓர் ஆடம்பரம்.

திருத்துவது வேறு, உருமாற்றுவது வேறு என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாயிருந்து மேல்தளம் ஏற்றப்பட்டு உல்லாசப் படகாக மாறியது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் மாண்டதும் இரண்டடுக்குப் படகு ஒருபுறம் சாய்ந்ததால்தான். பாரம் எவ்வளவு என்பதைவிட எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே படகின் விதியை நிர்ணயிக்கிறது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. வெளியூர் ஜனங்கள் திரளாக வருவார்கள். வந்தவர்களைக் குளத்திலும் ஏரியிலும் சவாரி ஏற்றினால் நாலு காசு பார்க்கலாமே என்ற யோசனை யாருக்காவது தோன்றாமல் இராது. மீனவனுடைய படகில் நிழலுக்கு ஒரு தகரக் கூரையும், உட்கார எட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் வைக்கிற அந்தத் தினத்துக்கு முன்னதாகவே, மீன்பிடிக்கத் திருத்திய படகில் கட்டணச் சவாரி கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தெளிவாகத் தடை விதித்துவிடவேண்டும்.

ஆனால் அந்தப் பயத்தைக் காரணம் காட்டி, வீட்டில் படகைத் தொடவே கூடாது, சர்க்கார் கொடுக்கும் ஒரே அச்சுப் படகையே எல்லோரும் ஓட்டவேண்டும் என்று கூறுவதை நான் ஒப்பமாட்டேன். 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தர்ம சிந்தையோடு நம் கடற்கரைகளில் வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகளில் பல, அவசரக் கொட்டகைகளில் வார்க்கப்பட்டு, வெகு சீக்கிரத்தில் விரிசல் கண்டன. அதற்கு நேர்மாறான உதாரணம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இருக்கிறது. கட்டுமரத்துக்கு வேண்டிய இலேசான மரம் அரிதாகிக்கொண்டிருந்த எழுபது எண்பதுகளில், பெல்ஜியத்திலிருந்து வந்து அங்கே தங்கிய பியர் கில்லே என்ற நிபுணர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளை உருவாக்கினார். அலையில் ஓட்டிப் பார்த்த மீனவன் குறை சொல்ல, பட்டறை அதைத் திருத்த, மறுபடியும் அலையில் இறக்க, இப்படியாகப் பக்குவப்பட்ட படகுதான் பின்னர் அந்தக் கரையோரத்தில் பரவியது. வடிவம் கரையில் பிறந்ததென்றாலும் அதன் திருத்தங்கள் தண்ணீரில் பிறந்தன.

உள்நாட்டு ஊர்களுக்குச் சிறு படகு வேண்டியதற்கு மீன் மட்டுமே காரணம் அல்ல. 2015-இல் சென்னை மூழ்கியபோதும், 2018-இல் கேரளம் மூழ்கியபோதும் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீதிகளில் ஓட்டினார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியபோது, கடலோரத்திலிருந்து படகு வந்து சேரவேண்டிய பாதைகளே நீரில் கிடந்தன. இரண்டு ஆட்கள் தூக்கிக் குட்டி யானை வண்டியில் ஏற்றிவிடக்கூடிய ஐந்தாறு அலுமினியப் படகுகள் செஞ்சி வட்டத்து ஏரிக்கரைகளில் ஏற்கெனவே இருந்தால், அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் உடன் இருப்பார்கள்.

ஆகையால் மீன்வளத் துறை செய்யவேண்டியது படகு தானம் அல்ல. ஏரிகள் வற்றிப் படகுகளும் டியூபுகளும் திண்ணையோரம் சும்மா கிடக்கிற வைகாசி ஆனி மாதங்களில், தொழிற்பயிற்சி நிலையத்து ஆர்கான் வெல்டர் ஒருவரையும், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்திலிருந்து படகின் நிலைப்பு தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் குத்தகைச் சங்கங்கள் உள்ள ஊர்களுக்கு அனுப்பி, இருக்கிற படகை வைத்துக்கொண்டே கற்பிக்கலாம். தகடு வாங்க மானியம் கொடுத்தால் போதும். வெட்டுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆவணியில், கொஞ்சமாவது நீர் தங்கியிருக்கும் வீடூர் அணைக்கு அந்தப் படகுகளைக் கொண்டுபோய், ஆள் ஏறாமல் விளிம்பு வரை நீர் நிரப்பிப் பார்க்கட்டும். நிரம்பியும் மிதக்கிற படகுக்கு ஓர் எண் எழுதிக் கொடுக்கட்டும். அமிழ்கிற படகை மேலே இழுத்து, இன்னும் இரண்டு கேன் கட்டச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.