மூளையும் இன்சுலினும்: ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்பது உண்மையா?

நீரிழிவு நோய்க்கும் உடல் எடைக் குறைப்புக்கும் பயன்படும் செமாகுளுடைட் என்னும் மருந்து, தொடக்க நிலையிலுள்ள அல்சைமர் நோய் முற்றும் வேகத்தைக் குறைக்குமா? இக்கேள்விக்கு விடை காண நடத்தப்பட்ட இரு பெரிய ஆய்வுகளின் முடிவை, அம்மருந்தைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் 2025 நவம்பர் 24 அன்று அறிவித்தது. 55 முதல் 85 வயது வரையுள்ள 3,808 பேர் அவற்றில் பங்கேற்றனர். மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதே முடிவு.

அல்சைமர் நோயை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்றும் ‘மூளையின் சர்க்கரை நோய்’ என்றும் குறிப்பிடும் செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். அப்படியானால் நீரிழிவு மருந்து ஏன் பயன் தரவில்லை? நீரிழிவு உள்ளவர்கள் எல்லோருக்கும் மறதி நோய் வருமா? இன்சுலின் ஊசி நினைவாற்றலைக் காக்குமா, கெடுக்குமா? உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ இக்கேள்விகள் எழுந்திருந்தால், இப்பக்கம் உங்களுக்கானது.

முக்கியச் செய்திகள்

• ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு கருத்து. அது மருத்துவர் உறுதிசெய்யும் நோயின் பெயர் அன்று.
• மறதி நோயைக் குணப்படுத்துவதற்கென இன்சுலினையோ பிற நீரிழிவு மருந்துகளையோ எடுத்துக்கொள்வதற்கு இன்றுவரை போதிய சான்று இல்லை.
• நீரிழிவுக்காக மருத்துவர் பரிந்துரைத்த இன்சுலினை, மறதி வந்துவிடுமோ என்ற அச்சத்தால் நிறுத்தக் கூடாது.
• நினைவாற்றல் குறைந்த முதியவருக்குச் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடாமல் காப்பது, அது கூடாமல் காப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

மூளையில் இன்சுலினுக்கு என்ன வேலை?

இன்சுலின் என்பது கணையத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன். தசைகளும் கொழுப்புத் திசுக்களும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ள அது துணைபுரிகிறது. மூளையின் நிலை வேறு. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. ஆயினும் நரம்பணுக்கள் தமக்கு வேண்டிய சர்க்கரையைப் பெரும்பாலும் இன்சுலினின் உதவியின்றியே பெறுகின்றன. இதனால், மூளைக்கு இன்சுலினோடு தொடர்பே இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1978-இல் இக்கருத்து மாறியது. இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் எலியின் மூளையில் பரவலாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் அவ்வாண்டில் கண்டறிந்தனர். மூளையில் இன்சுலின் பெரும்பாலும் செய்தி சொல்லும் பொருளாகவே இயங்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. பசியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ‘போதும்’ என்று அது உணர்த்துகிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறத் துணைநிற்கிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியும், மூளையிலேயே உருவாகும் பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியும் நரம்பணுக்கள் உயிர்வாழவும் புதிய இணைப்புகளை உருவாக்கவும் உதவுகின்றன.

‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியோரைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை 1999-இல் தெரிவித்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் டி லா மாண்ட்டும் அவருடைய குழுவினரும், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் இன்சுலின் மற்றும் வளர்ச்சிக் காரணிகளின் செயல்பாடு குன்றியிருப்பதைக் கண்டு, 2005-இல் ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்னும் பெயரை முன்மொழிந்தனர். நீரிழிவு இல்லாத அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் இன்சுலினின் செய்திக்கு அணுக்கள் சரிவரச் செவிசாய்ப்பதில்லை என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது.

இவை வலுவான அவதானிப்புகள். ஆனால், மூளையில் இன்சுலினின் செயல்பாடு குன்றுவதால் அல்சைமர் நோய் வருகிறதா, அல்லது நோயால் அணுக்கள் சிதைவதன் விளைவாக இன்சுலினின் செயல்பாடு குன்றுகிறதா என்பதை இறந்தவரின் திசுவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. நீரிழிவு இருந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த பல ஆய்வுகளில், அல்சைமர் நோய்க்கு அடையாளமான அமிலாய்டுப் படிவுகளைவிடச் சிறு இரத்தக் குழாய்களின் அடைப்பால் ஏற்பட்ட சேதமே மிகுதியாகக் காணப்பட்டது. அதாவது, நீரிழிவு மூளையைப் பாதிக்கும் முக்கிய வழிகளுள் ஒன்று இரத்தக் குழாய்களின் வழியாகும். இதைத் தடுக்க நம்மால் இயலும் என்பதால், இவ்வேறுபாடு உங்களுக்குப் பயனுடையது.

கணைய அழற்சி, கணைய அறுவை சிகிச்சை போன்றவற்றால் வரும் நீரிழிவை மருத்துவர்கள் ‘வகை 3சி’ என்று குறிப்பதுண்டு. உங்கள் மருத்துவ அறிக்கையில் அச்சொல் இருந்தால், அதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பில்லை.

மருந்து ஆய்வுகள் கண்டது என்ன?

இன்சுலின் குறைபாடுதான் காரணம் எனில், அதைச் சரிசெய்தால் நோய் தணிய வேண்டும். இவ்வெதிர்பார்ப்பு பலமுறை சோதிக்கப்பட்டுள்ளது.

முதலாவது, மூக்கின் வழியே தெளிக்கப்படும் இன்சுலின். இம்முறையில், இரத்தச் சர்க்கரையை அதிகம் தாழ்த்தாமல் மருந்தை மூளைக்குக் கொண்டுசெல்லலாம் என்று கருதப்பட்டது. 104 பேரிடம் நான்கு மாதங்கள் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை அளித்தது. 289 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், 12 மாதங்கள் இன்சுலின் பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. ஆய்வின் இடையே தெளிப்புக் கருவியை மாற்ற நேர்ந்ததால், மருந்து மூளையை எவ்வளவு சென்றடைந்தது என்னும் ஐயம் எஞ்சியுள்ளது.

இரண்டாவது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனைக் கூட்டும் மாத்திரைகள். ரோசிகிளிட்டசோன் மாத்திரை அல்சைமர் நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை. பயோகிளிட்டசோன் மாத்திரை நினைவுக் குறைவு தொடங்குவதையே தள்ளிப்போடுமா என்று சோதித்த ஆய்வு, பயன் காணப்படாததால் 2018-இல் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, தொடக்கத்தில் குறிப்பிட்ட செமாகுளுடைட். இவ்வகை மருந்துகளை நீரிழிவுக்காக எடுத்துக்கொண்டவர்களிடையே மறதி நோய் குறைவாக இருந்ததை முந்தைய தரவுகள் காட்டியிருந்தன. ஆயினும் மருந்தையும் போலி மாத்திரையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, நோய் தொடர்பான சில ஆய்வகக் குறியீடுகள் மேம்பட்டனவே அன்றி, நோயாளியின் நினைவும் அன்றாடச் செயல்பாடும் குன்றும் வேகம் குறையவில்லை.

இம்முடிவுகளை எவ்வாறு புரிந்துகொள்வது? நோய் வெளிப்படும் முன்பே மூளையில் மாற்றங்கள் பல ஆண்டுகளாக நடந்திருக்கும். அதனால் சிகிச்சை தாமதமாகத் தொடங்கியிருக்கலாம். புதிய, விலை கூடிய மருந்தைப் பெறுபவர்கள் பொதுவாக நல்ல மருத்துவ வசதியும் உடல்நலமும் உடையவர்களாக இருப்பதால், முந்தைய தரவுகள் மிகையான நம்பிக்கையைத் தந்திருக்கலாம். எவ்வாறாயினும், நினைவாற்றலுக்காக இம்மருந்துகளை விலை கொடுத்து வாங்குமாறு எவரேனும் கூறினால், அதற்குச் சான்று இல்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்சுலின் ஊசியால் மறதி வருமா?

ராட்டர்டாம் ஆய்வில் இன்சுலின் எடுத்துக்கொண்டவர்களுக்கே மறதி நோயின் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்த எண்ணுவோர் உண்டு. நெடுங்காலமாகவோ கடுமையாகவோ நீரிழிவு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் இன்சுலின் தேவைப்படுகிறது. அவர்களின் இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கும். ஆகவே, மறதிக்கு ஊசியே காரணம் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் மூளைக்குக் கூடுதல் நன்மை கிடைக்குமா? 2,977 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு நினைவாற்றலுக்குக் கூடுதல் பயன் தரவில்லை. அதன் தாய் ஆய்வில் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவில் இறப்புகள் கூடியதால், அச்சிகிச்சை 2008-இலேயே கைவிடப்பட்டது.

தாழ் சர்க்கரை: பராமரிப்பாளர் கவனத்திற்கு

மறதி உள்ளவர், ஊசி போட்டுக்கொண்டதை மறந்து மீண்டும் போட்டுக்கொள்ளலாம்; மாத்திரை எடுத்தபின் உண்ண மறக்கலாம். சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே செல்லும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், எரிச்சல் ஆகியவை தோன்றும். இவற்றை மறதி நோயின் போக்கு என்றே குடும்பத்தினர் தவறாக எண்ணிவிடக்கூடும். நீரிழிவு உள்ள 16,667 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனை செல்லும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடியிருந்ததைக் காட்டியது.

திடீர்க் குழப்பம் ஏற்பட்டால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். அளவு தாழ்ந்திருந்து, அவர் விழிப்புடன் விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளவைப் பாருங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 எண்ணை அழையுங்கள்.

லேசான அல்லது மிதமான நினைவாற்றல் குறைவுள்ள முதியோருக்கு, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்குள் இருப்பது பொருத்தமான இலக்கு என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் வீட்டு முதியவருக்கு உரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகிய மாத்திரைகளும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆதரித்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் உள்ளதாக மற்றோர் ஆய்வு கூறுகிறது. உலக அளவில் மறதி நோயின் சுமார் 45 விழுக்காட்டை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்வதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது 2024-இல் வெளியான லான்செட் ஆணையத்தின் கணிப்பு. நீரிழிவு அவற்றுள் ஒன்று.

• நடுத்தர வயதிலேயே இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுப்பாட்டில் வையுங்கள். புகையிலையைக் கைவிடுங்கள்.
• நடைப்பயிற்சி செய்யுங்கள். 120 முதியோர் பங்கேற்ற 2011-ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது, அவ்வளர்ச்சி பி.டி.என்.எஃப். அளவுடன் தொடர்புடையதாகவும் இருந்தது.
• செவித்திறன், பார்வைக் குறைவுகளைக் கவனியுங்கள். முதியவரைத் தனிமையில் விடாதீர்கள்.
• மறதி தோன்றினால் தைராய்டு ஹார்மோன், வைட்டமின் பி12 பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். இக்குறைபாடுகள் சிகிச்சைக்கு உட்பட்டவை.
• ஊசியும் மாத்திரையும் எடுத்த நேரத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மறதி உள்ளவரிடம் அப்பொறுப்பைத் தனியே விடாதீர்கள்.

மூளையில் இன்சுலினின் பங்கு பற்றிய ஆராய்ச்சி தொடர்கிறது. புதிய செய்தி எதுவாயினும், உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், அண்மையில் சர்க்கரை தாழ்ந்த நாள்களின் குறிப்பையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.